வேர் இல்லாத நன்னாரி

11 நவம்பர் 2024

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டைரி. பத்து மாதமாக மேசைக்கால் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தேன். இன்று உருவி எடுத்துத் தூசி தட்டியிருக்கிறேன். மேசை ஆடுகிறது, ஆடட்டும்.

பழைய அரியர்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்துவிட்டது. பிப்ரவரியில் தேர்வு. இதற்குப் பிறகு பழைய பாடத்திட்டத்தில் யாரும் எழுத முடியாது. பி.பார்மில் எனக்குப் பாக்கி ஒன்றே ஒன்றுதான், அதுவும் 1998 ஏப்ரலிலிருந்து. பார்மகோக்னசி செய்முறை. மருந்துச் செடிகளைப் பற்றிய படிப்பு அது. இலையையோ வேரையோ மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்னது என்று சொல்ல வேண்டும். ஒரு பொடியைக் கொடுத்தால் எதன் பொடி என்று கண்டுபிடிக்க வேண்டும். முப்பது செடிகளைக் காயவைத்துத் தாளில் தைத்து, ஹெர்பேரியம் என்று ஒரு கட்டு கொடுக்க வேண்டும். கட்டு இல்லாவிட்டால் தேர்வறைக்குள் விட மாட்டார்கள்.

அந்த வருடம் என் கட்டு தொலைந்துவிட்டது. அதனால் எழுதவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது எழுதியாக வேண்டும். எங்கள் மருந்துக்கடையில் மாட்டியிருப்பது திரவியம் அண்ணாச்சியின் சர்டிபிகேட். எழுபத்தொரு வயதில் தினமும் வந்து உட்கார்ந்து, சீட்டைப் படித்து, மருந்து எடுத்துக் கொடுக்கிறார். நான் பக்கத்தில் நின்று அட்டையைக் கிழித்துக் கொடுப்பவள். அவர் மார்ச் முடிந்ததும் ஓசூருக்குப் போய் மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். பார்மசிஸ்ட் இல்லையென்றால் கடை இல்லை. "நீதான் பாதிக் கிணறு தாண்டி நிக்கியேம்மா, மீதியையும் தாண்டிரு" என்றார் அண்ணாச்சி. கிணற்றில் பாதி தாண்டியவள் எங்கே இருப்பாள் என்று அவருக்குத் தெரியாதா?

14 நவம்பர்

பரணிலிருந்து பழைய புத்தகத்தை இறக்கினேன். கரையான் அட்டையை மட்டும் தின்றுவிட்டுப் பாடத்தைத் தொடவில்லை. நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் படித்தேன்.

அடையாளத்துக்கு வைத்திருந்த பழைய இன்லண்டு லெட்டர் ஒன்று வேர்கள் பாடத்தில் இருந்தது. அதை எடுத்து இலைகள் பாடத்தில் வைத்தேன். முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

24 நவம்பர், ஞாயிறு

மழை விட்டிருந்தது. இவர் வண்டியோட்ட, நான் பின்னால் சாக்குப்பையுடன். சங்கரன்கோவிலைத் தாண்டிப் புளியங்குடி ரோட்டில் பத்துச் செடிகள் கிடைத்தன. குப்பைமேனி, கீழாநெல்லி, ஆவாரை, நொச்சி, தூதுவளை, ஆடாதோடை. தூதுவளை கையைக் கிழித்துவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "எந்த வைத்தியருக்குப் பறிக்கீய?" என்று கேட்டாள். பரீட்சைக்கு என்றேன். என் நரைமுடியை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

செடியை நியூஸ் பேப்பருக்குள் பரப்பி, மேலே பாரம் வைக்க வேண்டும். குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகள் நாலு வைத்தேன். தினமும் பேப்பர் மாற்ற வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். சாயங்காலம் இவர் பேப்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் பேப்பர் எங்க?"

"அதுக்குள்ள நொச்சி இருக்கு."

"நான் இன்னும் படிக்கலையே."

"படிங்க. ஆனா பெட்டியைத் தூக்கிட்டுப் படிச்சு, திரும்ப வச்சிருங்க."

2 டிசம்பர்

கல்லூரிக்குப் போனேன். திங்களும் வியாழனும் மாணவர்களோடு லேபில் உட்கார்ந்து பழகிக்கொள்ள முதல்வர் அனுமதி கொடுத்துவிட்டார்.

எல்லாம் மாறியிருக்கிறது. வாசலில் கண்ணாடிக் கதவு, மாடிக்கு லிப்ட். ஆனால் அந்த லேபின் கதவைத் திறந்ததும் வந்த வாசனை மாறவில்லை. சாயமும் கிளிசரினும் ஸ்பிரிட்டும், அதற்கு அடியில் காய்ந்த இலைகளின் ஒரு மங்கல் வாசனையும். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கண் கலங்கியது. ஸ்பிரிட் காட்டமாக இருந்தது என்று எழுதலாம், ஆனால் யாரை ஏமாற்ற?

என் பெஞ்சில் சுபிக்ஷா என்று ஒரு பெண். பத்தொன்பது வயது. முதலில் என்னை லெக்சரர் என்று நினைத்து எழுந்து நின்றாள். பிறகு "ஆன்ட்டி" என்றாள். நான் பார்த்த பார்வையில் "அக்கா" ஆக்கிவிட்டாள். புத்திசாலி.

மைக்ராஸ்கோப்பில் கண்ணாடியோடு பார்த்தால் இடிக்கிறது. கண்ணாடியைக் கழற்றினால் நோட்டு தெரியவில்லை. போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, ஒரு மணி நேரத்தில் மூக்கு சிவந்துவிட்டது.

அட்டெண்டர் ஆவுடையப்பன் அண்ணன் இன்னும் இருக்கிறார். அப்போது வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஆள். அடுத்த வருடம் ரிட்டயராகிறாராம். என்னையே உற்றுப் பார்த்தார். நான் சாயப் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

5 டிசம்பர்

பிரண்டை பத்து நாளாகியும் காயவில்லை. பேப்பருக்குள்ளேயே ஒரு துளிர் விட்டிருக்கிறது.

12 டிசம்பர்

இன்று செக்‌ஷன் எடுத்தோம். கேரட்டை இரண்டாக வகுந்து, நடுவில் ஆடாதோடை இலைத்துண்டைச் செருகி, ஈர பிளேடால் சீவ வேண்டும். நூறு சீவினால் ஒன்று உருப்படும். என் முதல் செக்‌ஷனை சாம்பாரில் போட்டிருக்கலாம்.

ஐம்பதாவது தடவை கை தானாகவே பழைய கோணத்துக்குச் சாய்ந்தது. கட்டைவிரல் கொஞ்சம் தாழ, பிளேடு தன் பக்கமாக, அவசரமில்லாமல். ஒரு துண்டு தண்ணீரில் கண்ணுக்கே தெரியாமல் மிதந்தது. சாயம் போட்டு லென்ஸில் பார்த்தால் நரம்புக்குழாய்கள் இளஞ்சிவப்பாக, வரிசையாக, விட்டுப்போன இடத்திலேயே இருந்தன. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அந்தக் கோணத்தைச் சொல்லிக் கொடுத்தது அமலி. தூத்துக்குடிக்காரி. ஒரே நாளில் அடுத்தடுத்து நின்று கல்லூரியில் சேர்ந்தோம். ரோல் நம்பரில் அவள் முப்பது, நான் முப்பத்தொன்று. நாலு வருடமும் ஒரே பெஞ்சு. புது பிளேடு வாங்கினால் காகிதத்தோடு சேர்த்து இரண்டாக ஒடித்து ஆளுக்குப் பாதி. ஒடியும்போது ஒரு பாதி கொஞ்சம் பெரிதாக ஒடியும். அதை என் பக்கம் தள்ளுவாள். ஊருக்குப் போய்விட்டு வரும்போது மக்ரூன் கொண்டுவருவாள். டப்பா ஹாஸ்டல் வாசலைத் தாண்டுவதற்குள் பாதி காலியாகிவிடும். இலைகளுக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பாள். நொச்சிக்கு "அஞ்சு விரல் அக்கா". எருக்குக்கு எங்கள் வார்டன் பெயர்.

இவளைப் பற்றி எழுத இந்த டைரியில் இடமில்லை என்று நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன். போகட்டும்.

19 டிசம்பர்

செக்‌ஷனை எடுத்து வைக்கிற என் பிரஷ் காணவில்லை. ஒட்டக முடி பிரஷ், புதிது. பெஞ்சில் என்னையும் சுபிக்ஷாவையும் தவிர ஆள் இல்லை.

"எடுத்தா எடுத்தேன்னு சொல்லணும். கேட்டா குடுக்க மாட்டேனா? கேக்காம எடுக்கதுக்கு வேற பேரு இருக்கு."

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. "அக்கா, நான் எடுக்கலக்கா. அது உங்க கொண்டையிலதான் இருக்கு" என்றாள்.

இருந்தது. நானே செருகியிருக்கிறேன்.

கேண்டீனில் அவளுக்கு ஒரு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. பப்ஸ் சொல்லியிருக்கும்.

29 டிசம்பர், ஞாயிறு

நன்னாரி தேடிக் கரிவலம் பக்கம் போனோம். இவர்தான் முதலில் பார்த்தார். இலை நடுவில் வெள்ளைக் கோடு ஓடுகிற மெல்லிய கொடி, வேலியோரத்தில். நான் மண்வெட்டியைக் கேட்டேன்.

"கொடிதானே? இழுத்தா வந்துரும்லா?"

"இழுத்தா வேர் அறுந்துரும். நன்னாரியில மருந்தே வேர்தான். வேர் இல்லாம தாள்ல தச்சா பாதி மார்க்குகூடத் தர மாட்டாங்க."

"அனுபவமோ?"

அனுபவம்தான். தோண்டிக்கொண்டே, இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் இவரிடம் சொல்லாத கதையைச் சொன்னேன். மண்வெட்டி கையில் இருந்தால் பேச்சு வந்துவிடுகிறது.

கடைசி வருடம் செடி சேகரிக்கக் குற்றாலத்துக்கு டூர் போனோம். நானும் அமலியும் எல்லாச் செடியிலும் இரண்டிரண்டு எடுத்தோம், அவளுக்கொன்று எனக்கொன்று. நன்னாரி கடைசியில் கிடைத்தது. அவள் ஹாஸ்டலிலிருந்து கொண்டுவந்த கரண்டியால் பொறுமையாகத் தோண்டி வேரோடு எடுத்துவிட்டாள். எனக்கு நேரமில்லை, பஸ் வந்துவிட்டது. இழுத்தேன், அறுந்துவிட்டது. வேர் இல்லாத கொடியைத்தான் தாளில் தைத்தேன். என்னிடம் சிவப்பு நூல் மட்டும் இருந்தது. வகுப்பிலேயே சிவப்பு நூலில் தைத்த ஒரே தாள் அதுதான். மற்றதையெல்லாம் அமலியின் வெள்ளை நூலில் தைத்திருந்தேன்.

தேர்வுக்கு முந்தின நாள் கட்டுகளை லேப் அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். காலையில் போய்ப் பார்த்தால் என் கட்டு இல்லை. அமலியின் கட்டு இருந்தது. பிரித்தேன். நன்னாரித் தாளில் சிவப்பு நூல். என் தையல். ஓரத்தில் அமலியின் பெயர் எழுதிய லேபிள் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள். நாற்பது பேர் முன்னால் "திருடி" என்றேன். என் கட்டை என்ன செய்தாய் என்று கத்தினேன். அவள் வாயைத் திறப்பதற்குள் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை பின்னால் ஓடிவந்தாள். நான் திரும்பவில்லை. ஜூனில் கல்யாணம். பிறகு மகன், கடை, அது இது.

இவர் வேரிலிருந்து மண்ணை உதறிக்கொண்டிருந்தார். உதறி முடித்துவிட்டுக் கேட்டார்:

"அவகிட்டத்தான் வேரோட ஒண்ணு இருந்துச்சுல்லா. வேர் இல்லாததை எதுக்குத் திருடணும்?"

1 ஜனவரி 2025

இவரோடு பேசவில்லை.

4 ஜனவரி

பேசுகிறேன். உப்புப் போதுமா, வண்டிச் சாவி எங்கே, அவ்வளவுக்கு.

சார் யாராவது கட்டை முன்கூட்டியே எடுத்திருப்பார்களோ என்றும் கேட்கிறார். ஆமாம், அப்படி ஒரு வழக்கம் உண்டு. துறைத் தலைவர் பெஞ்சமின் சார் முந்தின நாள் சாயங்காலமே எல்லாக் கட்டையும் புரட்டி, இருப்பதிலேயே சிறந்ததைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விடுவார். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் முதலில் அதைப் பார்த்தால் மனம் குளிர்ந்துவிடும் என்று ஒரு கணக்கு. யாருடையது என்று ஹாலில் நம்பர் கூப்பிடும்போதுதான் தெரியும். அந்தக் கட்டு பிறகு துறை அலமாரிக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஆனால் சார் வேர் இல்லாத கட்டைத் தொடக்கூட மாட்டார். அதனால் அது என்னுடையதாக இருக்க முடியாது.

இவருக்கு மருந்துச்செடியைப் பற்றி என்ன தெரியும்?

9 ஜனவரி

பொடிகள். பட்டை, கிராம்பு, மல்லி, சோம்பு, இஞ்சி, மஞ்சள். பாதிப் பாடம் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. இத்தனை வருடம் பார்மகோக்னசியைத்தான் தாளித்துக் கொட்டியிருக்கிறேன்.

சுபிக்ஷா கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக நீட்டினாள். மோந்து பார்த்தே பத்துக்குப் பத்தும் சொல்லிவிட்டேன். "அக்கா, மைக்ராஸ்கோப்பில பாத்துச் சொன்னாத்தான் மார்க்கு" என்றாள். பெஞ்சமின் சாரும் இதைத்தான் சொல்வார்: முதலில் பார், பிறகு பெயர் சொல்.

14 ஜனவரி

பொங்கல். பானையில் கட்டிய மஞ்சள் கொத்தை அவிழ்த்து, கிழங்கை நீளவாக்கில் சீவிப் பேப்பருக்குள் வைத்துவிட்டேன். முப்பதாவது செடி. இவர், "அடுத்து கரும்பா?" என்றார். சிரித்துவிட்டேன். சமாதானம்.

23 ஜனவரி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

தாளில் லேபிள் எந்த மூலையில் ஒட்ட வேண்டும் என்று சந்தேகம். பழைய மாதிரிக் கட்டு ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்று ஆவுடையப்பன் அண்ணனிடம் கேட்டேன். அவர் சாவிக்கொத்தோடு வந்து, திறக்காமல் நின்றார்.

"உங்களுக்கு மாதிரி எதுக்கு? உங்கதே உள்ள இருக்கே."

"என்னது?"

"முப்பத்தொண்ணு தானே நீங்க? முத நாளே கண்டுக்கிட்டேன். நீங்கதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீய. பெஞ்சமின் சார் இருந்த வரைக்கும் வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. இப்படித் தைக்கணும்னு."

மூன்றாவது தட்டில் இருந்தது. காக்கி அட்டை, கறுப்பு நாடா. எம். செண்பகவல்லி, வரிசை எண் 31. என் கையெழுத்து, அந்த வயதில் இருந்த சாய்ந்த கையெழுத்து. நாடாவை அவர்தான் அவிழ்த்தார்.

ஆவாரை நிறம் போயிருந்தது. துளசியில் இலை பாதி உதிர்ந்திருந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டி நன்னாரிக்கு வந்தேன்.

வேர் இருந்தது. ஒரு சாண் நீளம், வளைத்து, அழகாக, வெள்ளை நூலில் தைத்து. லேபிள் என்னுடையது. அதன் ஒரு மூலை கிழிந்து, மறுபடி ஒட்டப்பட்டிருந்தது.

குனிந்து முகர்ந்தேன். இத்தனை வருடம் கழித்து வாசனை இருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எனக்கு வந்தது.

அவளுடைய நன்னாரி. அவளுடையதை எனக்கு வைத்துவிட்டு, என்னுடைய மொட்டைக் கொடியை அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். சார் என் கட்டைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்.

வேர் இல்லாத நன்னாரியை யார் திருடுவார்கள்? மண்வெட்டி பிடித்து நின்ற ஒரு மனிதருக்கு ஒரு நிமிடத்தில் தோன்றிய கேள்வி, எனக்கு இருபத்தேழு வருடத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் சில்லறை கேட்கவில்லை.

24 ஜனவரி

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் இந்த டைரி பொய்.

அமலி மூன்று கடிதம் போட்டாள். முதல் கடிதத்தைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதை அடுப்பில் போட்டேன். மூன்றாவது கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. அம்மா இங்கே அனுப்பிவைத்தாள். பிரிக்கவில்லை. எரிக்கவும் மனம் வரவில்லை. புத்தகத்துக்குள் வைத்தேன். இரண்டு மாதமாக நான் பாடம் பாடமாக மாற்றி வைத்துக்கொண்டு வருவது அந்த இன்லண்டு லெட்டரைத்தான்.

இன்று காலை, கடை திறப்பதற்கு முன், பிரித்தேன். ஒட்டியிருந்த ஓரத்தை பிளேடால்தான் சீவினேன். இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

*12.10.98*

*வல்லி,*

*இது மூணாவது லெட்டர். கல்யாணம் ஆயிட்டுன்னு உங்க ஊர்ப் பிள்ளை ஒண்ணு சொல்லிச்சு. நல்லா இரு.*

*உன் கட்டை நான் எடுக்கல. பெஞ்சமின் சார்தான் எடுத்து வச்சிருந்தாங்க. எனக்கே ஹால்லதான் தெரியும். எக்ஸாமினர் மேசையில முதல்ல இருந்தது உன் கட்டுதான். சார் உன் நம்பரை மூணு தடவை கூப்பிட்டாங்க. முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு. நான் முன்னாடிதான் நிக்கேன். சொல்லணும்னு நினைச்சேன், வாய் வரல. ஆப்சென்ட் போட்டுட்டாங்க.*

*நன்னாரியை மாத்தினது நான்தான். பஸ் வந்துட்டு, இழுட்டின்னு உன்னை அவசரப்படுத்தினது நான்தானே. அதனாலதான் அறுந்துச்சு. கேட்டா நீ வாங்க மாட்டே. ரோஷக்காரி. அதான் சொல்லாம லேபிளைப் பிச்சு மாத்தி ஒட்டினேன். சொல்லாம செஞ்சது தப்பு. அதுக்கு நீ என்ன திட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் தாங்க முடியல.*

*அடுத்த ஏப்ரல்ல வந்து எழுது. உன் பாதி பிளேடு என்கிட்ட பத்திரமா இருக்கு.*

*அமலி*

இவரும் வாசித்தார். நான் சொன்னேனே என்று சொல்லிக்காட்டவில்லை. ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார்.

27 ஜனவரி

சுபிக்ஷாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிரஷுக்கு. "அது எப்பவோ முடிஞ்சுபோச்சுக்கா" என்றாள். முடியவில்லை, உட்கார், கேள் என்று முழுசாகக் கேட்டேன்.

அமலி தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரி பார்மசியில் இருக்கிறாளாம். ஆவுடையப்பன் அண்ணன் யார் யாரிடமோ விசாரித்து நம்பர் வாங்கிவிட்டார். டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ரிசல்ட் வந்த பிறகுதான் கூப்பிடுவேன். பாஸாகிக் கூப்பிட வேண்டும். தோற்றுப்போய் அவள் முன்னால் நிற்க முடியாது.

3 பிப்ரவரி

முப்பது தாளும் தைத்து முடிந்தது. எல்லாம் வெள்ளை நூல். பிரண்டை கடைசியில் காய்ந்துவிட்டது.

12 பிப்ரவரி

தேர்வு.

ஹாலில் அரியர்காரர்கள் நாலு பேர். ஒருவருக்குப் பேரன் இருக்கிறானாம். எக்ஸாமினர் என்னைவிடச் சின்னவர். நம்பர் கூப்பிட்டார். இப்போது எனக்கு வேறு நம்பர், பத்து இலக்கம். முதல் தடவையே "ப்ரெசென்ட் சார்" என்றேன். சத்தம் அதிகமாகிவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சீட்டு எடுத்ததில் ஆடாதோடை இலை. கேரட், பிளேடு, கட்டைவிரல் தாழ. ஒன்பதாவது சீவலிலேயே கிடைத்தது.

பொடிதான் காலை வாரப் பார்த்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் கிராம்பு வாசனை குப்பென்று வந்தது. கிராம்பு என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். ஒரு எழுத்துகூடப் போட்டாயிற்று. அப்புறம் கையை நிறுத்தினேன். வாசனை வந்துவிட்டால் அதுதான் என்று ஆகிவிடுமா? பேனாவை வைத்துவிட்டு ஒரு துளி அயோடின் விட்டுப் பார்த்தேன். நீலம். மாவுச்சத்து இருக்கிறது. கிராம்புப் பொடியில் மாவுச்சத்து கிடையாது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒரு பக்கம் மெலிந்து மூன்று பக்கம் தடித்த கல் செல்கள், லாடம் மாதிரி. இலவங்கப்பட்டை. கிராம்புக்குப் பக்கத்தில் இருந்து வாசனை வாங்கியிருக்கிறது, பாவம். போட்ட எழுத்தை அடித்துவிட்டு எழுதினேன்.

எக்ஸாமினர் ஹெர்பேரியத்தைப் புரட்டி நன்னாரியில் நிறுத்தினார். "வேர் முழுசா வந்திருக்கே, பெரும்பாலும் அறுத்துட்டு வந்திருவாங்க" என்றார்.

"அறுத்தும் பாத்திருக்கேன் சார்" என்றேன்.

வெளியே வந்ததும் ஆவுடையப்பன் அண்ணன், "எப்படி?" என்று தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். கேட் வரை நடந்தேன். அந்த பஸ் ஸ்டாண்டு இப்போது நிழற்குடை ஆகியிருக்கிறது. உட்கார்ந்தேன். ரிசல்ட் வர ஒரு மாதம் ஆகும். ஒருவேளை தோற்றாலும் தோற்கலாம். தோற்றால் என்ன? மூன்றாவது கடிதத்துக்குப் பதில் எழுத பி.பார்ம் வேண்டுமா?

டைரியின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"ஹலோ, யாரு?"

என் பெயரைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். வந்தது வேறு.

"ரோல் நம்பர் முப்பத்தொண்ணு."

அந்தப் பக்கம் மருந்து கேட்டு யாரோ கூப்பிடுவது மட்டும் தூரத்தில் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"மூணு தடவ கூப்பிட்டாங்கட்டி."

"இப்பத்தான் கேட்டுச்சு அமலி."

"எங்கட்டி இருக்க?"

"அந்த பஸ் ஸ்டாண்டுல. நீ ஓடிவந்த பஸ் ஸ்டாண்டுல. அன்னைக்கு நான் சொன்னது..."

"இரு, இரு. நின்னுக்கிட்டு அழ முடியல, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிடுதேன். ம், இப்பச் சொல்லு."

சொன்னேன். பப்ஸ் கிப்ஸ் இல்லாமல், வார்த்தையாகவே சொன்னேன். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

20 மார்ச்

பாஸ். முதலில் அமலிக்குச் சொன்னேன். இவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். சர்டிபிகேட் வந்து பதிவு செய்து முடிய மாதக்கணக்காகும். அதுவரை ஓசூர் எங்கேயும் ஓடிப்போகாது என்று திரவியம் அண்ணாச்சி சொல்லிவிட்டார். இவர் அதற்குள் கடைச் சுவரில் ஓர் ஆணி அடித்துவிட்டார்.

மத்தியானம் தூத்துக்குடியிலிருந்து கூரியர் வந்தது. ஒரு டப்பா மக்ரூன், பாதி காலி. "வழியில நானே தின்னுட்டேன்" என்று மூடியில் எழுதியிருந்தாள். காகிதத்தில் மடித்த பாதி பிளேடு ஒன்று, துருவேறி. அதற்கு அடியில் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் ஒரு தாள். கொடி அநேகமாகப் பொடிந்துவிட்டது. இலை இரண்டு மிச்சம். சிவப்பு நூல் மட்டும் அப்படியே இருந்தது, என் கோணல் தையல். கீழே அமலியின் லேபிள். அதன் பக்கத்தில் அன்றைய எக்ஸாமினரின் சிவப்பு மை: வேர் எங்கே? மதிப்பெண் பாதி.

அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தவர் இரண்டு தடவை கேட்க வேண்டியதாயிற்று.

பிறகு இவரைக் கூப்பிட்டு, அந்த ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடிக்கச் சொன்னேன்.